இரண்டு கடையில் வாங்கிய ரேம்

என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர். ஆலப்பாக்கத்தில் எந்த வளைவில் மணல் சறுக்கும், புதுச்சத்திரத்தில் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், வெள்ளாற்றுப் பாலத்தில் எந்த மாதத்துக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தந்த இடம் வந்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், அவ்வளவுதான்.

நான் அவரை முதலில் பார்த்தது திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில். அப்போது நான் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தேன். நாலு பிஞ்சு ஒரு கட்டு. தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓட வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது ஒருவரும் வாங்க மாட்டார்கள். கிளம்பப்போகிறது என்று உறுமும்போதுதான் அத்தனை பேருக்கும் நாக்கு வறண்டுபோகும். மற்ற டிரைவர்கள் நம்மைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். என் கை கடைசி ஜன்னலை விட்டு இறங்கும் வரைக்கும் கிளச்சிலிருந்து காலை எடுக்க மாட்டார்.

ஒருநாள் டீ குடிக்க இறங்கியவர் நேரே என்னிடம் வந்து, "நீ ஓடுற ஓட்டத்தப் பாத்தா எனக்கு வண்டி எடுக்கவே பயமா இருக்குது. குறுக்க வந்து வுழுந்துடாத" என்றார்.

"நான் வுழுந்தா நீ பிரேக்கு போட மாட்டியா?" என்று கேட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வெள்ளரித் தட்டைக் கீழே வைக்கவில்லை. படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் யாரிடமும் போய்க் கை ஏந்தி நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எண் மட்டும் எவ்வளவு பெரியதானாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் பார்த்து அது எந்த ஊர் வண்டி, எந்தப் பக்கம் நிற்கும் என்று கண்டுபிடித்து முன்னாலேயே ஓடி நின்ற பழக்கம் அது.

பிஞ்சு சீக்கிரம் விற்றுப்போன நாளில் அவர் வண்டியில் ஏறிச் சிதம்பரம் வரைக்கும் போய்த் திரும்புவேன். என்ஜினுக்குப் பக்கத்து சீட்டு. சூடு தாங்காது, புடவை காலில் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் அந்த இடம்தான் வேண்டும் எனக்கு. பரங்கிப்பேட்டை பிரியும் இடம் தாண்டினால் இரண்டு பக்கமும் வெட்டவெளியாக இருக்கும். அங்கே கியரை மாற்றிவிட்டு ஒரு கையால் மீசையைத் தடவிக்கொள்வார். அந்தத் திமிரை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன், எனக்கே தெரியாது.

பிறகு ஓய்வு பெற்றார். நாலைந்து வருடம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அப்புறம் சர்க்கரை வந்து அவருடைய இடது கண்ணை எடுத்துக்கொண்டது. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார். ஒரு கல்யாணம், ஒரு சாவு, எதற்கும் வர மாட்டார். கூப்பிட்டால், "வேற ஒருத்தன் ஓட்டுற வண்டியில பின்னாடி குந்திக்கினு வர்றதுக்கு நான் என்னா மூட்டையா?" என்பார். பின்கட்டில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மதில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைந்துபோனது. சண்டைகூடப் போடுவதில்லை. நாற்பது வருடம் என்னோடு சண்டை போட்ட மனுசன் சண்டையை விட்டால், நான் என்ன என்று எடுத்துக்கொள்வது?

எங்களுக்கு ஒரே மகள். கடலூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறோம், கல்லூரி ஆபீசில் வேலை. அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். நம் ஊர் பஸ் மாதிரியே பச்சை நிறம், முன்னால் மாலைகூட இருந்தது. அவர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் காட்டிய பொத்தான்களை அழுத்தி வண்டியை நகர்த்தினார். வெறும் ரோட்டில் ஒழுங்காகப் போனது. ஊருக்குள் நுழைந்து கூட்டம் வந்ததும் படம் விட்டு விட்டு இழுத்தது. பஸ் ஓர் இடத்தில் நிற்கும், அடுத்த நொடி நாலு அடி தள்ளிப் போய் நிற்கும். இரண்டு நிமிடம் பார்த்திருப்பார். தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பின்கட்டில் வாந்தி எடுத்துவிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "இது வண்டி இல்லம்மா. வலிப்பு."

"அது லேப்டாப் பழசுப்பா. நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு சேத்துட்டா இழுக்காது. ஸ்டியரிங், பெடல் எல்லாம் வச்சிக்கலாம்" என்றாள் மகள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தரம் குந்துவேன். அதுலயும் இழுத்துச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது. இதுக்கு மட்டும் இல்ல, எதுக்கும் கூப்பிடக் கூடாது" என்றார்.

மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இவர் சொன்னால் சொன்னதுதான். அந்த ஒரு தரத்துக்குள் எல்லாம் சரியாக அமைய வேண்டும்.

கம்ப்யூட்டரை முழுதாக வாங்காமல் சாமான் சாமானாக வாங்கிச் சேர்ப்பதுதான் நல்லது என்றாள் மகள். வாங்கிக்கொண்டு வரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். "உனக்கு எதுக்கும்மா" என்று கேட்டாள். என் புருசன் உட்காரப்போகும் வண்டிக்கு நான் சாமான் வாங்காமல் வேறு யார் வாங்குவது?

இங்கே எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை எங்கள் உறவிலேயே இரண்டு உண்டு. ஒன்று மருமகனுடையது, மஞ்சக்குப்பத்தில். இன்னொன்று என் தம்பியுடையது, சிதம்பரம் மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில். தம்பி அந்தக் காலத்தில் ரேடியோ, டீவி ரிப்பேரும் விற்பனையும் செய்தவன், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினான். என் மகள் கல்யாணத்தில் சீருக்கு வாங்கிய டீவியை மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குத் தெரிந்த கடையில் எடுத்துவிட்டார்கள். தாய்மாமன் நானிருக்க, அதுவும் டீவிக் கடைக்காரன் நானிருக்க, வேறு கடையா என்று தம்பிக்கு மனத்தாங்கல். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மாலையைப் போட்டான், மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தான், பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினான். தான் மட்டும் ஒரு வாய் சாப்பிடாமல் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டான். அந்தப் பட்டினி எனக்கு இன்றைக்கும் உறைக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் இரண்டு இடம். மிக்ஸி அங்கே என்றால் கிரைண்டர் இங்கே. மருமகனிடம் போன் வாங்கினால், அதற்கு உறையும் சார்ஜரும் சிதம்பரத்தில். ஒருவருக்கும் தெரியாமல், ஒருவரையும் நோக விடாமல் இருபது வருடமாக இதை நடத்தி வருகிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு.

கம்ப்யூட்டரையும் அப்படியே பங்கிட்டேன். பெட்டியும் பவர் சப்ளையும் மருமகன் கடை. உள்ளே வைக்கும் போர்டும், அதன் மூளை என்று மகள் சொன்ன சிப்பும் தம்பி கடை. மானிட்டர் இங்கே, ஸ்டியரிங்கும் பெடலும் அங்கே. எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியில் பாக்கி இருந்தது ரேம் மட்டும்தான்.

மகள் எனக்குப் புரியும்படிச் சொன்னாள். "இந்தக் கம்ப்யூட்டருக்குப் படம் காட்டத் தனியா கார்டு போடலம்மா. அதனால படத்துக்கு வேண்டியதெல்லாம் இந்த ரேம்ல இருந்துதான் எடுத்துக்கும். ரேம் மெதுவா குடுத்தா படம் இழுக்கும். வேகமாக் குடுத்தா வழுக்கிக்கிட்டுப் போகும். எட்டு எட்டா ரெண்டு வாங்கணும். வேகம் மூவாயிரத்து அறுநூறு."

ஒரு துண்டுச் சீட்டில் எண்களையும் எழுதிக் கொடுத்தாள். 8, 8, 3600.

இரண்டு என்றால் எனக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆளுக்கு ஒன்று.

மஞ்சக்குப்பத்தில் ஒன்றைக் கேட்டேன். மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணு போதுமா அத்தை?" என்றார். "ஒண்ணு போதும்" என்றேன். சீட்டைப் பார்த்து மூவாயிரத்து அறுநூறு வேகத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். தம்பி கடையில் கூட்டம். இன்னொரு எட்டு வேண்டும் என்றேன்.

"எட்டுல மூவாயிரத்து இருநூறுதான்க்கா இருக்கு. ஓடும், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றான்.

இல்லை, மூவாயிரத்து அறுநூறுதான் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். எண் எனக்கு நன்றாகவே தெரிந்தது. சொன்னால் அந்த எண்ணில் வேறு எங்கோ ஒன்று வாங்கிவிட்டேன் என்பது வெளியே வந்துவிடும். அதனால் கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டும் கறுப்பாக, தலை வாரும் சீப்பின் பாதி மாதிரி, பார்க்க ஒரே போலத்தான் இருந்தன. நானூறு வித்தியாசம், போனால் போகட்டும் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை உட்காருவதாக என் வீட்டுக்காரர் நாள் சொல்லியிருந்தார். அப்போது மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மருமகன் இரண்டு ரேமையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தை, இது ஒண்ணு மாமா கடையிலயா?" என்று கேட்டார். மாமா என்று அவர் சொன்னது என் தம்பியை.

"ஆமா."

"வேகம் வேற வேறயா இருக்குதே அத்தை."

"ரெண்டும் ஓடும்னு சொன்னான்."

"ஓடும். ஆனா ஜோடி சேராது."

பொருத்திப் பார்த்தார். மூவாயிரத்து அறுநூறு வைத்தால் திரை கறுப்பாகிப் போனது. மூவாயிரத்து இருநூறில் எழுந்தது, கால் மணி ஓடிவிட்டு நடுரோட்டில் உறைந்து நின்றது. இறக்கிக்கொண்டே வந்து இரண்டாயிரத்து நானூறில் வைத்தபோதுதான் சண்டை இல்லாமல் ஓடியது. ரோட்டில் நன்றாகப் போனது. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் அதே இழுப்பு. லேப்டாப் அளவுக்கு இல்லை. இருந்தாலும் இழுப்பு இழுப்புதான்.

மகள் ஆபீசிலிருந்து வந்ததும் என்னைப் பார்த்து, "அம்மா, ரெண்டு ரேமை எதுக்கும்மா ரெண்டு கடையில வாங்கின? ஒரே பாக்கெட்ல ஜோடியா விப்பாங்களே" என்றாள்.

"நீ எழுதலயே, ஜோடின்னு."

"அதக் கூடவா எழுதணும்? கால் செருப்பு வாங்கறப்ப ஒண்ணு கடலூர்ல ஒண்ணு சிதம்பரத்துலயா வாங்குவ?"

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்குரூவைத் தேடுவதுபோலக் கீழே குனிந்தார். எனக்குக் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம் என்று தெரிந்ததால் இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

"உங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ள? ஒண்ணு குடுன்னு நான் கேட்டப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"தெரியும் அத்தை. இன்னொண்ணு எங்க வாங்குவீங்கன்னும் தெரியும். அங்கயும் அதே வேகம் கேட்டிருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்."

"எங்க வாங்குவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். "அத்தை, எங்கிட்ட போன் வாங்கிட்டு, சிதம்பரத்துல போயி சார்ஜர் வாங்கினீங்களே, அது இந்தப் போனுக்குச் சேரவே சேராது. நான்தான் எங்கடை சார்ஜர் ஒண்ண உங்களுக்குத் தெரியாம மாத்தி வச்சேன்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிரைண்டர், மிக்ஸி, போன், எல்லாவற்றையும் இவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அப்போது மருமகன் சொன்னதை அவர் பேரில் எனக்கு இருக்கும் மரியாதைக்காகவே எழுதி வைக்கிறேன். "என்னோடத திருப்பி எடுத்துக்கறேன் அத்தை. சிதம்பரத்துலயே இன்னொரு மூவாயிரத்து இருநூறு வாங்கி ஜோடியாக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

"அது போதுமா?" என்று மகளைக் கேட்டேன்.

"முக்கால்வாசி போதும்மா. கூட்டம் ஜாஸ்தியானா கொஞ்சம் இழுக்கலாம். இழுக்காமலும் போவலாம்."

இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உள்ளே தூங்குகிறவர் கொடுத்தது ஒரே ஒரு தரம். இருநூறா அறுநூறா என்று இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் கடையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தேன். "அறுநூறுலயே ஜோடி போடுங்க மாப்பிள்ள. ரெண்டும் உங்க கடையிலயே இருக்கட்டும். தம்பிகிட்ட நான் போயிச் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"போன்ல சொல்லிடும்மா" என்றாள் மகள்.

போனில் சொல்கிற விஷயமா இது?

சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். என்ஜினுக்குப் பக்கத்து சீட்டு இப்போதெல்லாம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, அவனிடம் என்ன சொல்வது என்று ஆலப்பாக்கம் வரைக்கும் ஒன்று யோசித்தேன். புதுச்சத்திரத்தில் அதை விட்டுவிட்டு வேறொன்று யோசித்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது இரண்டும் மறந்துபோயிருந்தன. இதே பாலத்தில் ஒரு ஐப்பசி மழையில் எதிரே ஒன்றும் தெரியாமல் இவர் வண்டியை நிறுத்திவிட்டு, பயந்து அழுத ஒரு குழந்தைக்கு என் தட்டிலிருந்து வெள்ளரிப் பிஞ்சை எடுத்துக் கொடுத்ததுதான் நினைவுக்கு வந்தது. எடுத்தது என் சரக்கு, பேர் வாங்கியது அவர்.

தம்பி கடையில் அன்றைக்குக் கூட்டமில்லை. ரேமை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது வாணாம்பா. வேகம் சேரல."

"எதோட சேரல?"

"மாப்பிள்ள கடையில ஒண்ணு வாங்கினேன். அது அறுநூறு."

அவன் ரேமை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஓ. அது ஒசத்தி, நான் குடுத்தது மட்டமா?"

"மட்டம்னு யாரு சொன்னா?"

"நீ சொல்ல மாட்ட. நீ எதத்தான் சொல்லியிருக்க? ஒண்ணு வேணும்னு கேட்டப்பவே தெரியும், இன்னொண்ணு எங்கேருந்து வரும்னு. இந்த ரேமெல்லாம் ஜோடியாதான்க்கா விக்கிறது. நீ கேட்டியேன்னு பாக்கெட்ட உடச்சி ஒண்ண எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்றது? நீதான் அவ்ளோ ஜாக்கிரதையா மறைக்கிறியே. சொன்னா உனக்கு அசிங்கம்."

கடையில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் உள்ளதைச் சொன்னேன். நேற்று திரை கறுப்பாகிப் போனதை, என் வீட்டுக்காரர் ஒரே தரம்தான் உட்காருவேன் என்றதை, லேப்டாப்பைப் பார்த்து வாந்தி எடுத்ததை, ஒன்றரை வருடமாக மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை. "நாளைக்கு இழுத்துச்சுன்னா அந்த நாற்காலிய விட்டு அவரு எழுந்திருக்கவே மாட்டாருடா. எனக்கு உன் மனசும் வேணும். ஆனா இந்த ஒண்ணுல எனக்கு வேகம்தான் வேணும்" என்றேன்.

தம்பி ரேமை எடுத்து, உடைத்த பாக்கெட்டைத் தேடி, அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்து மூடினான். கோபித்துக்கொண்டான், சாப்பிடாமல் இருக்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

"உன் மருமவன் போர்டோட பயாஸ அப்டேட் பண்ணினாரா?" என்று கேட்டான்.

"அது என்னா?"

"போர்டு எழுந்திருக்கறப்ப முதல்ல ஓடுற புரோகிராம்க்கா. நான் குடுத்த போர்டு அது. பழைய சரக்கு. அதுல அந்தப் புது பயாஸ ஏத்தலேன்னா அறுநூறு ஜோடி போட்டாலும் நிக்காது. நேத்து கறுப்பாப் போச்சுன்னு சொன்னியே, பாதி அதுனாலதான்." டிராயரைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்தான். ஷட்டரை இறக்கினான்.

"எங்கடா?"

"கடலூருக்கு. மாமா வண்டி எடுக்கறப்ப மச்சான் இல்லாம எப்படி?"

அன்று சாயங்காலம் என் வீட்டு மேஜையில் தம்பியும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இருபது வருடத்தில் அப்படி அவர்கள் உட்கார்ந்ததே இல்லை, எல்லா விசேஷத்திலும் நான்தான் நடுவில் இருப்பேன்.

"மாப்ள, அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க. பாதியில நின்னா போர்டு செத்துடும்" என்றான் தம்பி.

"எனக்கும் தெரியும் மாமா. நானும் கடதான் வச்சிருக்கேன்."

"தெரிஞ்சவருதான் நேத்து அப்டேட் பண்ணாம ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டினீங்களாக்கும்."

"ஜோடியில ஒண்ண உடச்சி வித்தவரு பேசறாரு பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மருமகன் கொண்டுவந்த ஜோடியைப் பொருத்தியதும் திரையில் 3600 என்று வந்தது. அந்த எண்ணை நானே படித்தேன், ஒருவரும் படித்துக் காட்டத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தார். ஒரு கண் பார்வைக்குத் தகுந்தபடி திரையைக் கொஞ்சம் வலது பக்கமாகத் திருப்பி வைத்தாள் மகள். அவர் முதலில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. பெடலைக் காலால் தடவிப் பார்த்தார். சீட்டை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார். கண்ணாடி எங்கே என்று கேட்டார். மகள் காட்டினாள். அப்புறம்தான் கை வைத்தார்.

வெறும் ரோட்டில் வண்டி போனது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை சுற்றினால் முதலில் கழுத்து வியர்க்கும். ஊர் வந்தது. பஸ் ஸ்டாண்டு வந்தது. ஆள், ஆட்டோ, சைக்கிள், ஏகக் கூட்டம். மருமகன் நகத்தைக் கடித்தார். தம்பி மூச்சு விடவில்லை. வண்டி அத்தனை பேருக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றது. ஓர் இழுப்பு இல்லை. கழுத்து காய்ந்தே இருந்தது.

அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். ஒரு மணி நேரம் போனது. நாங்கள் நாலு பேரும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தோம்.

"இதென்னாடா ஊரு, இவ்ளோ தூரம் வந்துட்டேன், ஒரு டீக்கட இல்ல" என்றார். தம்பியைப் பார்த்து, "மச்சான், ஹாரனு எங்க இருக்குது? இந்த ஆட்டோக்காரன் ஒதுங்க மாட்டேன்றான்" என்றார். காட்டினதும் அடித்தார் பாருங்கள், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மணிக்கு மேல் ஆனதும், "என்னாங்க, சாப்புட வாங்க. சோறு ஆறுது" என்றேன்.

உடனே எழுந்திருக்கவில்லை. வண்டியை மெல்ல ஓரம் கட்டினார். நியூட்ரலுக்கு வந்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். என்ஜினை நிறுத்தினார். ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நாற்காலியைத் தள்ளினார்.

"அப்பா, அப்படியே வுட்டுட்டுப் போவாத. பாதி வழியில நிக்கிது, பாசஞ்சருங்க கத்துவாங்க, மார்க்கு கொறையும்" என்றாள் மகள்.

"கத்தட்டும். டிரைவரும் மனுசன்தான். பத்து நிமிசத்துல வர்றேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாய் நிறையச் சோற்றோடு, அந்த ஊர் ரோட்டைத் திட்டினார், ஆட்டோக்காரனைத் திட்டினார், குழம்பில் உப்பு கம்மி என்று என்னையும் திட்டினார்.

"கம்மியா இருந்தா போட்டுக்கறது. அதுக்கு ஏன் ஊரக் கூட்டறீங்க?" என்று நானும் விடாமல் கேட்டேன்.

"கேக்குறவங்க கேக்கட்டும். வண்டி நிக்கிது, சீக்கிரம் ரசத்த ஊத்து" என்றார்.